காணி பார்க்கப் போன கோடை

தற்சார்பு வாழ்க்கை என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல வேலையும் குளிரூட்டிய அறையும் உள்ளவர்கள்தான் அதைப் பற்றி அதிகம் கதைக்கிறார்கள். மண் எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்க வேண்டும், சந்தை எவ்வளவு கிட்ட இருக்க வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்பார்கள். பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்து பிள்ளை வளர்த்தவள் நான் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். மண்ணைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். ஓர் ஊரில் காணி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மண்ணை அல்ல என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடி வந்தோம். சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு தோட்டக்காரர் தன் வெங்காயக் கொட்டிலை எங்களுக்கு விட்டார். வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டித் தூக்கிக் காயவைக்கிற கொட்டில் அது. கூரை உண்டு, சுவர் இல்லை. நாலு பக்கமும் தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்துக்கொண்டு நானும் கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு வருடத்துக்கு மேல் அதற்குள் இருந்தோம். தலைமயிரும் மணத்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிகளும் மணத்தன.

என் கணவர் மின்சார வேலை செய்பவர். வீடுகளுக்கு வயர் இழுப்பார், எரிந்த மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுவார். அந்த வருடமே குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. கரண்டே இல்லாத ஊரில் கரண்ட் வேலைக்காரனுக்கு என்ன வேலை. நான் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன், சம்பளம் வந்தால் வந்தது. யூரியா வரவிடவில்லை, பற்றரி வரவிடவில்லை, சவர்க்காரத்தைக் கண்ணால் காண்பதே அரிது. பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். இவை எல்லாவற்றையும் என் கணவர் பொறுத்துக்கொண்டார். சங்கக்கடை வாசலில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"பிறத்தியாற்றை கையைப் பாத்துக்கொண்டு எத்தினை நாளைக்குச் சாப்பிடுறது?" என்றார் ஒருநாள். "ஒரு துண்டுக் காணி, ஒரு கிணறு, நாலு தென்னை, ஒரு பசுமாடு. உப்பைத் தவிர வேறை ஒண்டும் வாங்காமல் இருக்கலாம்."

"தொண்டைமானாற்றிலை எடுப்பம். உப்பும் கிணத்துக்குள்ளையே கிடக்கும்" என்றேன்.

அவர் பகிடியை விளங்கிக்கொள்ளாமல் "ஓம், அது சரிவராது" என்று தலையாட்டினார். ஒன்றை நினைத்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் காதில் விழாது. என் தாலிக்கொடியை விற்றுக் காணி வாங்குவது என்று முடிவாயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை, மஞ்சள் கயிறு போதும். மாரி மழைக்கு முன் ஓர் இடம் கிடைத்தால் அந்தப் போகமே விதைக்கலாம். கிடைக்காவிட்டால் பிள்ளைகளுக்கு இன்னொரு வருடம் வெங்காயக் கொட்டிலும் வரிசை அரிசியும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை என் தங்கையிடம் விட்டுவிட்டு சைக்கிளில் புறப்படுவோம். அவர் மிதிப்பார், நான் பின்னால் கரியரில் இருப்பேன். மண் அவர் பொறுப்பு, தண்ணீர் என் பொறுப்பு. அவர் மண்ணை அள்ளிப் பிசைந்து, மணந்து, உதிர்த்துப் பார்ப்பார். நான் கிணற்றில் அள்ளி ஒரு வாய் வைத்து நாக்கில் நிறுத்திப் பார்ப்பேன். பிறகு சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த நகத்தளவு சவர்க்காரத்தைக் கையில் தேய்ப்பேன். நுரைத்தால் நல்ல தண்ணீர். நுரைக்காவிட்டால் பருப்பும் அவியாது.

வலிகாமத்துச் செம்மண்ணுக்கு ஈடில்லை, ஆனால் அங்கே ஆமியின் செல் விழுந்துகொண்டிருந்தது. கரவெட்டிப் பக்கம் தோட்டங்கள் நன்றாகத்தான் இருந்தன. காணிதான் வெளியாருக்கு வராது, பங்காளிக்கும் பக்கத்து வேலிக்காரனுக்கும் போய் மிஞ்சினால்தான் மற்றவனுக்கு. தொண்டைமானாற்றுக் கிணற்றில் ஒரு வாய் வைத்துவிட்டு அங்கேயே துப்பினேன். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் தென்மராட்சிக்கு வந்தோம்.

அந்தக் கிராமம் கொடிகாமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. ஊரின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அல்ல. பெயரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் "அது அங்கைதான், எங்கடை ஊரிலை இல்லை" என்று தப்பிவிடுவார்கள்.

மணலும் களியும் அளவாகக் கலந்த மண். எட்டுத் தென்னை, இரண்டு பலா, வேலி நிறையப் பூவரசு. பூவரசங்குழையை மண்ணுக்குள் தாட்டால் யூரியாவை யார் தேடுகிறார்கள் என்று என் கணவர் அப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். காணிக்காரரின் வீடு பக்கத்து வளவில். இரண்டு வளவுக்கும் எல்லையில் கிணறு. யாழ்ப்பாணத்தில் காணி வாங்கினால் கிணற்றில் பங்கும் சேர்ந்துதான் வரும். எத்தனையில் ஒரு பங்கு, எந்த நாள் யார் இறைப்பது, வாய்க்கால் எந்த வழியால் போவது எல்லாம் காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். கிணற்றுப் பங்கில்லாத காணி கோடையில் வெறும் புழுதி.

நான் துலாக்கொடியைப் பிடித்து வாளியை இறக்கி அள்ளினேன். குடித்தேன். கோடை நடுவில் அப்படி ஒரு தண்ணீரை நான் குடித்ததில்லை. சவர்க்காரத்தைத் தேய்க்கவே தேவையிருக்கவில்லை. கணவரைப் பார்த்துத் தலையாட்டினேன், அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

காணிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் வீட்டைக் கொளுத்திவிட, குடும்பத்தோடு கப்பலில் ஊருக்கு வந்து சேர்ந்தவர். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. எங்களை விறாந்தையில் கதிரையில் இருத்தினார். அவருடைய மனைவி மூக்குப்பேணியில் தேத்தண்ணீரும் கடித்துக் குடிக்கப் பனங்கட்டியும் கொண்டுவந்து தந்தார். நல்ல மனுசர்கள் என்றுதான் நினைத்தேன்.

"கிணறு பங்குனியிலை ஒருக்கா இறைச்சுச் சேறெடுப்பம். வருசத்துக்கு ஒருக்காத்தான். இந்த முறையும் எடுத்தாச்சு" என்றார் அவர். பிறகு கொழும்புக் கதை வந்தது. "நடுறோட்டிலை காரை மறிச்சு, நீ ஆர், உன்ரை பேர் என்ன, எந்த ஊர் எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சவங்கள், தம்பி. மனுசரோ அதுகள்?" கண்கள் கலங்கியிருந்தன. எனக்கும் நெஞ்சு இளகியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே வாயால் கேட்டார்: "அப்ப நீங்கள் எவ்விடம்? ஊரிலை எந்தப் பக்கம்? கோயிலுக்கு மேற்கையோ கிழக்கையோ? அங்கை எங்கடை சொந்தக்காரர் கொஞ்சப்பேர் இருந்தவை, அதுதான் கேக்கிறன்."

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருளை விளக்கத் தேவையில்லை. சாதியைச் சாதி என்று சொல்லிக் கேட்க முடியாத காலம் அது. இயக்கப் பெடியளுக்குத் தெரிந்தால் தண்டனை. ஆகவே சனம் திசையைக் கேட்கப் பழகியிருந்தது. என் கணவர் கொஞ்சமும் யோசிக்காமல் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையைச் சரியாகச் சொன்னார். இன்ன சாதி என்று நானும் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் வாசிக்கிறவர் என்னை விட்டுவிட்டு அதைப் பார்க்கத் தொடங்குவார். என் தகப்பன் தேத்தண்ணீர்க் கடைக்கு வெளியே நின்று போத்தலில் வாங்கிக் குடித்தவர், நான் முதலாம் வகுப்பில் வாங்குப் பலகை இருக்க நிலத்தில் இருந்து படித்தவள் என்று மட்டும் சொன்னால் போதும்.

"நாங்கள் காணியைப் பாத்தம், அவர் எங்களைப் பாத்தார்" என்றேன் திரும்பி வருகிற வழியில்.

"உதெல்லாம் இப்ப இல்லை. செல் விழேக்கை எல்லாரும் ஒரு பங்கருக்குள்ளைதானே ஓடுறம்" என்றார் என் கணவர். 

மூன்று கிழமை கழித்து, பேசி முடிக்கலாம் என்று போனோம். இந்த முறை விறாந்தைக்குக் கூப்பிடவில்லை. "உள்ளுக்கை சரியான வெக்கை" என்று முற்றத்து மாமரத்துக்குக் கீழே வாங்கு போட்டிருந்தார்கள். போன முறை "வாங்கோ, இருங்கோ" என்றவர் இந்த முறை "வாரும், இரும்" என்றார். தேத்தண்ணீர் வரவில்லை. காணிக்காரர் தன் கையாலேயே செவ்விளநீர் வெட்டித் தந்தார், ஆளுக்கு இரண்டு. என் கணவருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. "பாரும், என்ன உபசாரம்" என்று என் காதுக்குள் சொன்னார்.

இளநீர் நல்ல உபசாரம்தான். குடித்து முடிந்ததும் கோம்பையை வேலிக்கு அப்பால் எறிந்துவிடலாம். பேணியை அப்படி எறிய முடியாது, கழுவ வேண்டும், கழுவினாலும் சிலருக்கு மனம் ஆறாது.  போதும் என்று மிச்ச இளநீரோடு கோம்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"உங்கடை ஊராக்கள் ஒரு குடும்பம் இஞ்சை பள்ளிக்கூடத்திலை வந்து இருக்கினம். உங்களை நல்லாத் தெரியுமாம்" என்றார் காணிக்காரர், நிலத்தைப் பார்த்தபடி. "காணி தாறதுக்கு ஒரு தடையும் இல்லை. கிணத்துப் பங்கு மட்டும் இப்போதைக்கு எழுதேலாது. தமையன்ரை பிள்ளையள் கனடாவிலை, அவையும் சம்மதிக்க வேணும். அதுக்கென்ன, நாங்களே இறைச்சு வாய்க்காலிலை உங்கடை பக்கம் விடுவம். நீங்கள் கிணத்தடிக்கு வந்து கஷ்டப்படத் தேவையில்லை."

எங்கள் கஷ்டத்தில் எவ்வளவு அக்கறை பாருங்கள். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத மாதிரி. என் கணவர் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஒருக்காத் தண்ணியைப் பாத்திட்டு வாறன். மூண்டு கிழமையிலை ருசி மாறியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

கணவரும் பின்னால் வந்தார். கிணற்றடியில் கால் வைத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. அந்தக் கோடையில் வாழைகளின் அடியெல்லாம் சேறாகிக் கிடந்தது, வாய்க்கால் தாண்டி வளவுக்குள்ளும் தண்ணீர் பாய்ந்த அடையாளம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் பாசியெல்லாம் உரஞ்சியெடுத்துக் கல்லு வெள்ளையாக இருந்தது. கிணற்றுக் கட்டைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்த கறை. ஓரத்தில் இறைப்பு மெசினை வைத்து எடுத்த எண்ணெய்த் தடம்.

மண்ணெண்ணெய்க்காக ஆசுப்பத்திரிகளே அலைந்த காலம். விளக்குக்கு ஒரு சொட்டும் கிடைக்காத நாட்களில் பிள்ளைகள் பொழுது சாய முதல் படுத்தார்கள். எங்கேயோ ஒளித்து வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றி, மெசின் போட்டு, பங்குனியில் துப்புரவாக்கிய கிணற்றை ஆவணியில் அடிவரை இறைத்திருந்தார்கள். நான் ஒரு வாளி அள்ளியதற்காக.

என் கணவர் குனிந்து உள்ளே பார்த்தார். "அடிவரை இறைச்சும் இவ்வளவுக்கு ஊறியிருக்கு. ஊத்து நல்ல ஊத்து" என்றார்.

அவரைக் கிணற்றுக்குள் தள்ளிவிடலாம் போல் இருந்தது எனக்கு.

அதற்குள் காணிக்காரரின் மனைவி ஓடி வந்துவிட்டார். மூச்சு வாங்க, எனக்கு முந்திக்கொண்டு துலாக்கொடியைப் பிடித்தார். "நீர் நில்லும் பிள்ளை, நான் அள்ளி வாக்கிறன். கையை ஏந்தும்" என்றார். அந்தக் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல அன்பாகத்தான் சொன்னார். முப்பத்துநாலு வயதில், நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற நான் அவருக்கு முன்னால் குனிந்து கையை ஏந்தி, வாளி என்மேல் படாத உயரத்திலிருந்து அவர் ஊற்றுகிற தண்ணீரைக் குடிக்க வேண்டும்.

எனக்கு அவமானமாக இருக்கவில்லை, கோபம்தான் வந்தது. அவமானம் எங்களுக்குப் பழகின சாமான், அது வந்தால் தலை குனிந்திருப்பேன். அவர் கையிலிருந்து வாளியை வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்கு, உண்மையில் பறித்தேன். கொடியை இழுத்து வாளியை இறக்கி நிறைய அள்ளிக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தேன். இரண்டு கையாலும் கோலிக் குடித்தேன், முகம் கழுவினேன். மிச்சத்தைத் திரும்பவும் கிணற்றுக்குள் ஊற்றினேன்.

"நல்ல தண்ணி. ஆனால் நீங்கள் இன்னொருக்கா இறைக்க வேண்டி வரும்" என்றேன்.

அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாமரத்தடியில் இருந்த காணிக்காரர் எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். நான் படலையைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தேன். என் கணவர் அவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். மன்னிப்புத்தான் கேட்டிருப்பார், நான் விசாரிக்கவில்லை.

கைதடி வெளியில் எதிர்க்காற்று. அவர் நின்று நின்று மிதித்தார். நான் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன், இளநீரின் கருத்து, வாங்கின் கருத்து, மஞ்சள் தண்ணீரின் கருத்து. "உங்களுக்கு ஒண்டும் விளங்காது, ஊத்து நல்ல ஊத்தாம்" என்றேன்.

"விளங்கினது" என்றார் அவர், திரும்பிப் பாராமல். "முதல் நாள், கோயிலுக்கு மேற்கையோ எண்டு கேக்கேக்கையே விளங்கினது. இளநீரைக் கண்டவுடனை எல்லாம் முடிஞ்சுதெண்டும் தெரியும்."

"அப்ப ஏன் இளிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

"நீர் கவனிக்காமல் விட்டால் காணி கிடைக்கும் எண்டுதான். வாய்க்காலாலை வந்தாலும் அது தண்ணிதானே. கத்தரிக்காயும் பயித்தங்காயும் ஆர் அள்ளி ஊத்தினது எண்டு கேக்காது. பிள்ளையளுக்கு வயிறு கிடக்கு."

நான் கரியரிலிருந்து குதித்து இறங்கினேன். கோபம் இரண்டு மடங்காயிற்று, இந்த முறை அவர்மேல். விளங்காதவன் என்று நினைத்திருந்தால் மன்னித்திருப்பேன். எல்லாம் விளங்கிக்கொண்டு, எனக்கும் சேர்த்து அவரே விழுங்கியிருக்கிறார். கோப்பாய்ச் சந்தி வரைக்கும் உப்புக்காற்றில் நான் முன்னால் நடந்தேன், அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். 

அந்த மாரி போயிற்று. விதைக்கவில்லை. பிள்ளைகள் வெங்காயக் கொட்டிலுக்குள் ஒழுக்குக்கு ஒதுங்கிப் படுத்தார்கள், நிவாரண அரிசி தின்றார்கள். சங்கக்கடை வரிசையில் இந்த முறை நான் நின்றேன், அவரை விடவில்லை. அடுத்த வருடம் தென்மராட்சியிலேயே கடலேரியை அண்டி, யாரும் சீண்டாத ஒரு மணல் காணி கிடைத்தது. இருவருமாகக் கிணறு கிண்டினோம். மணலில் கிணறு கிண்டுவது சுகம், தண்ணீர் கெதியாக வந்துவிடும். மாரியில் குடிக்கலாம். கோடையில் உவர், பருப்பு அவியாது. மரவள்ளி, முருங்கை, கீரை, நாலு ஆடு. என் மூத்தவளுக்கு அந்தத் தண்ணீரில் தோய்ந்து தலைமயிர் கொட்டியது. அதற்கும் அந்தக் காணிக்காரரைத்தான் மனதுக்குள் திட்டினேன். நான் ஏன் என்னைத் திட்ட வேண்டும்?

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் சண்டை நெருங்க, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு வந்தது. இலட்சக்கணக்கான சனம், மழை, ஒரே தெரு. பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், மாட்டுக்கொட்டில், மரத்தடி எல்லாம் சனம். எங்கள் மணல் காணியிலும் ஏழு குடும்பம் கூடாரம் அடித்தது. அதில் ஒரு வீட்டுக்காரர் எங்களிடம் வருமுன் இரண்டு கிழமை வேறிடத்தில் இருந்துவிட்டு வந்தவர். எங்கே என்று கேட்டபோது அந்தக் கிராமத்தையும் அந்தக் காணிக்காரரையும்தான் சொன்னார்.

"தங்கமான சனம், அக்கா" என்றார். "வளவு முழுக்கச் சனம். ஆர் எவர் எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை. கிணத்தை எல்லாருக்கும் திறந்து விட்டிட்டினம். விடிய விடிய அள்ளுவம். ஆரும் தடுக்கேல்லை."

என் கணவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். நாலு வருடமாக அந்தக் கிணற்றைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை வந்ததில்லை. "பாத்தீரே," என்றார், "மாறிட்டினம்."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் நினைத்தார். எனக்கு அப்படியே பற்றியெரிந்தது. அப்படியானால் முடியும். கேட்காமல் விட முடியும், கிணற்றைத் திறந்துவிட முடியும், அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் மழையில் ஒடுங்கிக் கிடந்த அந்த மாரியிலும் முடிந்திருக்கும்.

"அவை மாறேல்லை" என்றேன். "இவ்வளவு சனத்துக்கும் எத்தினை தரமெண்டு இறைக்கிறது?"

கூடாரத்துக்காரருக்கு அது விளங்கவில்லை, ஏதோ பகிடி என்று சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை.